உங்கள் முதல் குவாட்டர்பேக் யார்?

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: விஸ்கான்சினில் ஆப்பிள்டனுக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன, ஆபீசில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு எப்போதும் கிரீன் பே பேக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றியே இருக்கிறது, ஒருவரை ஒருவர் "உனக்கு நினைவிருக்கும் முதல் குவாட்டர்பேக் யார்?" என்று கேட்டுக்கொள்கிறார்கள், கிரிக்கெட் மட்டுமே தெரிந்த நான் அங்கே என்ன பேசுவது, என் மகளை எப்படி இதில் சேர்ப்பது?

ஆட்ட விதியெல்லாம் மெல்ல வரும். இப்போதைக்கு ஒன்று போதும்: நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், ஏறக்குறைய ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் குவாட்டர்பேக் கைக்கு வரும். எறிவதா, ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்பது அவர் கையில். அதனால்தான் மற்ற பெயர்கள் மறந்தாலும் அந்தப் பெயர் மறப்பதில்லை.

நம்மூரில் கபில்தேவா, சச்சினா, தோனியா என்று கேட்டால் ஆளின் வயது தெரிந்துவிடும் இல்லையா, அதே கணக்குதான் இங்கேயும். பேக்கர்ஸ் விஷயத்தில் இன்னும் துல்லியம். 1992 செப்டம்பரிலிருந்து 2022 சீசன் முடியும்வரை, காயம், நோய், ஓய்வு என்று ஒதுங்கிய வாரங்களை விட்டால், அந்த இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர்: பிரெட் ஃபார்வ், ஆரன் ராட்ஜர்ஸ். வேறு அணிகளில் இதற்குள் பத்துப் பதினைந்து பேர் வந்து போயிருப்பார்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் பார்ட் ஸ்டார் பற்றிக் கேளுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் 1967 டிசம்பர் 31-ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். 'ஐஸ் பௌல்' என்று இன்றும் சொல்லும் ஆட்டம், டல்லஸ் கௌபாய்ஸுக்கு எதிராக. வெப்பநிலை செல்சியஸில் மைனஸ் 25. நடுவரின் உலோக விசில் உதட்டோடு ஒட்டிக்கொண்டதால் அப்புறம் விசிலே ஊதவில்லை. சொந்த ஊரில் நடக்கும் ஆட்டத்தை அந்த ஊர் டிவியில் காட்டாத காலம் அது. அவர் வீட்டில் ரேடியோதான். பதினாறு விநாடி மிச்சம், எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம்கூடத் தூரமில்லை, கடிகாரத்தை நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. பந்தை ஓடுபவரிடம் கொடுப்பார் என்று சக வீரர்களே நினைத்திருக்க, ஸ்டார் தானே வைத்துக்கொண்டு புகுந்துவிட்டார். 21-17. அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம்தான் பெரியவருக்கு முதலில் நினைவுக்கு வருகிறதாம். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் அப்பாவைப் பற்றிப் பதில் வருகிறது, கவனித்தீர்களா? நான் கேட்ட எல்லோரிடமும் இப்படித்தான்.

ஐம்பதை ஒட்டியவர்கள் லின் டிக்கி, டான் மஜ்கௌஸ்கி பெயர்களைச் சொல்வார்கள். வறண்ட காலம், 1968-லிருந்து 1992 வரை ப்ளேஆஃப் சென்றது இரண்டே சீசன்களில். அந்தக் காலத்தில் விடாமல் பார்த்தவர்கள்தான் உண்மையான ரசிகர்கள் என்பது என் அபிப்பிராயம். மஜ்கௌஸ்கி கணுக்காலில் அடிபட்டு வெளியேறியதால்தான் ஃபார்வ் உள்ளே வந்தார். 1992 செப்டம்பர் 20 அன்று, பதின்மூன்று விநாடி இருக்கும்போது 35 கஜம் எறிந்து சின்சினாட்டியை 24-23 என்று வென்றார். "அன்று நான் மைதானத்தில் இருந்தேன்" என்று யாராவது சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

என் டீமில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு முதல் நினைவு 2003 டிசம்பர் 22. ஃபார்வின் அப்பா இறந்த மறுநாள். ஓக்லண்டில் ஆட்டம், மொத்தம் 399 கஜம் எறிந்தார், 41-7 என்று வெற்றி. ஏழு வயதுப் பிள்ளையை அன்று தூங்கச் சொல்லாமல் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாராம் அவளுடைய அப்பா.

ஒரு எச்சரிக்கை. 2009-ல் ஃபார்வ் மின்னசோட்டா வைக்கிங்ஸுக்குப் போய், நவம்பரில் பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போ ஃபீல்டுக்கே எதிரணி உடையில் வந்து ஜெயித்துவிட்டுப் போனார். கூட்டம் ஊளையிட்டது. 2015-ல் அவருடைய 4-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்த விழாவில் அதே மைதானம் நிரம்பியது. பெரும்பாலோருக்கு ஆறிவிட்டது, சிலருக்கு இல்லை. அந்தப் பேச்சை நீங்களாக எடுக்க வேண்டாம்.

அணியின் ஊரான கிரீன் பே, மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய சின்ன ஊர். அணிக்கு முதலாளி என்று தனி ஒருவர் கிடையாது. 1923-லிருந்து ஜனங்கள் வாங்கிய பங்குகளில்தான் நடக்கிறது. சீசன் டிக்கெட் தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகும், காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள். அதனால்தான் இது இங்கே வீட்டு விஷயம்.

சரி, உங்களிடம் கேட்டால்? படித்து வைத்துக்கொண்டு ஸ்டார் என்று சொல்லாதீர்கள். ஜோர்டன் லவ் என்று உள்ளதைச் சொல்லுங்கள். ராட்ஜர்ஸ் ஃபார்வ் பின்னால் மூன்று வருடம் காத்திருந்தார், லவ் ராட்ஜர்ஸ் பின்னால் மூன்று வருடம் காத்திருந்து 2023-ல் பொறுப்பேற்றார். நீங்களும் அவர் காலத்தில் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். அதற்கு இங்கே மரியாதை உண்டு. சொல்லிவிட்டு உடனே "உங்களுக்கு யார்?" என்று திருப்பிக் கேளுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மகளுக்கு ஒரு வழி இருக்கிறது. ஜூலை கடைசியில் பயிற்சி முகாம் தொடங்கும். ஆப்பிள்டனிலிருந்து அரை மணி நேரப் பயணம், பொதுமக்களுக்குத் திறந்த நாட்களில் கட்டணம் கிடையாது. லாம்போவிலிருந்து பயிற்சித் திடலுக்கு வீரர்கள் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிப்போவது பழைய பயிற்சியாளர் லொம்பார்டி காலத்திலிருந்து வரும் வழக்கம். பிள்ளைகள் வீரரின் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடும். என் மகன் அப்படித்தான் இந்த அணிக்குள் வந்தான். தேதிகளை முன்பே பார்த்துக்கொண்டு, காலையில் சீக்கிரம் போய் வரிசையில் முன்னால் நிற்கச் சொல்லுங்கள். சைக்கிளை மறக்காமல் காரில் ஏற்றுங்கள்.