ஹீட்டர் பக்கத்தில் ஆலிவ் மரம் வேண்டாம்

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். தெற்குப் பார்த்த பால்கனியில், தொட்டியில் ஆலிவ் மரம் ஒன்று வளர்க்கிறேன். ஒன்றரை மீட்டர் உயரம். சென்ற குளிர்காலத்தில் அதை வரவேற்பறையில், ஜன்னலோரம் ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜனவரிக்குள் பாதி இலை கொட்டிவிட்டது. சில கிளைகள் இன்னும் மொட்டையாகவே நிற்கின்றன. இந்த ஆண்டு வெளியிலேயே விட்டுவிடலாமா? செத்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: உங்கள் மரத்தை வாட்டியது குளிர் அல்ல, உங்கள் வரவேற்பறையின் கதகதப்புதான். டிசம்பரில் ஸ்டுட்கார்ட்டில் பகல் எட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அந்த மங்கிய வெளிச்சத்திலும் ஒரு பகுதிதான் ஜன்னலைத் தாண்டி உள்ளே வருகிறது. ஆனால் அறையில் 22 டிகிரி. வெப்பம் இலையை வேலை செய்யச் சொல்கிறது. உணவு தயாரிக்க வெளிச்சம் இல்லை. கைச்சேமிப்பைக் கொஞ்சநாள் தின்றுவிட்டு, மரம் இலையை உதிர்க்கிறது. போதாததற்கு, ஹீட்டரின் உலர்ந்த காற்றில் செதில் பூச்சி பெருகும். மிச்சமிருக்கும் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளிநிற அடிப்பக்கத்தில், நடுநரம்பை ஒட்டி, பாதி மிளகைக் கவிழ்த்து வைத்தாற்போலப் பழுப்பு மேடுகள் தெரிந்தால், இலைகளின் மேற்புறம் விரலில் பிசுபிசுத்தால், அந்தப் பூச்சிதான். நகத்தால் சுரண்டி, சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தால் சிறிய மரத்துக்குப் போதும்.

ஆலிவ் வெப்பமண்டல மரம் அல்ல. மத்தியதரைக் கடலோரத்தில் அதற்குக் குளிர்காலம் உண்டு; சில வாரக் குளிர் பட்டால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். ஆகவே குளிர் வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

தரையில் வேரூன்றிய வளர்ந்த மரம் மைனஸ் 7, ஏன், மைனஸ் 10 டிகிரியைக்கூடச் சிறிது நேரம் தாங்கும். 1985 ஜனவரியில் இத்தாலியின் டஸ்கனியில் அதையும் தாண்டிக் குளிர் இறங்கியபோது ஆலிவ் தோப்புகள் கருகின. விவசாயிகள் மரங்களை அடியோடு வெட்டினார்கள். வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்து மறுபடி துளிர்த்தன. ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் எழுந்து நிற்கும் மரங்களை அங்கே இன்றும் பார்க்கலாம். பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் 1956 பிப்ரவரியில் நடந்ததும் இதுவே. மேலே எல்லாம் போனபின்னும் அடிமரமும் வேரும் பிழைத்ததற்குக் காரணம், பூமி என்னும் கனத்த போர்வை.

தொட்டி மரத்துக்கு அந்தப் போர்வை இல்லை. குளிர் நாலாபுறமும், அடியிலிருந்தும் வேரைத் தாக்குகிறது. இலை தாங்கும் குளிரை வேர் தாங்காது. அதனால் தொட்டி மரத்துக்கு மைனஸ் 5 என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது அந்தக் கோட்டுக்குக் கீழே சரி. அதற்கு மேலே சரியல்ல.

எனவே நவம்பரில் அவசரப்பட்டு உள்ளே தூக்காதீர்கள். லேசான உறைபனி படட்டும். வீட்டுச் சுவரை ஒட்டி, மேல்மாடிப் பால்கனியின் நிழல்கூரைக்குக் கீழே, கிழக்குக் காற்று அடிக்காத மூலையில் தொட்டியை நகர்த்துங்கள். வெறுந்தரையில் வைக்க வேண்டாம். அடியில் கனமான தெர்மாகோல் பலகையோ மரக்கட்டையோ வேண்டும். வடிதுளை அடைபடக் கூடாது. தண்ணீர் தேங்கும் தட்டை எடுத்துவிடுங்கள்: ஈரம் ஊறிய மண்தொட்டி உறைந்தால் விரிசல் விடும், வேரும் அழுகும்.

பிறகு தொட்டியைச் சுற்றிக் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக்கை இரண்டு மூன்று சுற்று, அதன்மேல் சணல் சாக்கு. தோட்டக் கடைகளில் தென்னை நார் விரிப்பும் விற்கிறார்கள். கயிறு திரிக்கும் ஊர்க்காரர்களுக்கு அதன் விலையைப் பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் நல்ல பொருள். மண்ணின் மேற்பரப்பில் காய்ந்த இலையையோ வைக்கோலையோ பரப்புங்கள்.

மரத்தின் தலைக்கு மூடாக்கு, மைனஸ் 5 கோட்டைத் தொடும் இரவுகளில் மட்டும் போதும். அதுவும் செடி மூடுவதற்கென்றே உள்ள, காற்றுப் புகும் மெல்லிய வெள்ளை ஃபிளீஸ் துணியாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையைத் தலையில் மாட்டிப் பாருங்கள், காலையில் உட்புறம் முழுக்க நீர்த்துளி வழியும். கூடவே பூஞ்சை வரும். குளிர் தணிந்ததும் துணியைக் கழற்றிவிடுங்கள்.

மைனஸ் 5-க்குக் கீழே பல நாட்கள் நீடிக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால், அந்த நாட்களுக்கு மட்டும் சூடேற்றாத, வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். 2 முதல் 10 டிகிரி இருந்தால் உத்தமம். ஜன்னல் வைத்த மாடிப்படிக் கூடம் பொருத்தமானது. ஆனால் அது தீப்பிடித்தால் தப்பிக்கும் வழி என்பதால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். இருட்டு நிலவறை நாலைந்து நாட்களுக்குப் பாதகமில்லை, ஒரு பருவம் முழுவதற்கும் ஆகாது.

பலர் தவறுவது தண்ணீரில். குளிர்காலத்தில் இறந்ததாகச் சொல்லப்படும் தொட்டி மரங்களில் பல, உண்மையில் தாகத்தால் இறந்தவை. ஆலிவ் இலை உதிரா மரம். வெயிலும் காற்றும் பட்டால் குளிரிலும் இலை நீரை விடும். மண் உறைந்து கிடந்தால் வேரால் எடுத்துக் கொடுக்க முடியாது. தெற்குப் பார்த்த பால்கனியில், பிப்ரவரியின் தெளிந்த வெயிலில் இந்தத் தொல்லை அதிகம். உறையாத நாளில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் காலையில் ஒரு குவளை ஊற்றுங்கள், ஈரமிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் முடிந்தபின் உரம் வேண்டாம். இளந்துளிர்தான் முதலில் கருகும். கவாத்தும் வசந்தத்தில்தான். மே நடுவில், கடைசி உறைபனி வரக்கூடிய 'பனிப் புனிதர்கள்' நாட்கள்வரை செடிகளை வெளியே வைக்காதே என்பது ஜெர்மானியத் தோட்டக்காரர்களின் பழைய கணக்கு. தக்காளிக்கு அது பொருந்தும். ஆலிவ் மார்ச்சிலேயே உறையைக் கழற்றலாம், ஃபிளீஸ் துணி மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். உள்ளே வைத்திருந்த மரமென்றால் மேகமூட்டமான நாளில் வெளியே எடுங்கள். திடீர் வெயிலில் இலை வெந்துவிடும்.

இனி, உங்கள் மொட்டைக் கிளைகள். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உலர்ந்து இருந்தால் ஒரு சாண் கீழே தள்ளி மறுபடி கீறுங்கள். பச்சை தென்படும் இடம்வரை இறங்கி, அங்கே ஒரு நூல் கட்டி வையுங்கள். வெட்டுவதை அடுத்த மே கடைசிக்குத் தள்ளிப்போடலாம். அதற்குள் நூலுக்கு மேலேகூடச் சில கணுக்கள் துளிர்க்கக்கூடும்.