சின்ன மெஷினில் பெரிய டிஸ்க்

கேள்வி: ஐயா, நாங்கள் கிரில், கேட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறோம். தடித்த ஆங்கிளை (L வடிவ இரும்பை) வெட்ட, கையில் பிடித்து இரும்பு வெட்டும் 4 இஞ்ச் கிரைண்டர் எட்டவில்லை என்று, எங்கள் மூத்த ஃபிட்டர் டிஸ்க்கை மூடியிருக்கும் பாதுகாப்பு கார்டைக் கழற்றிவிட்டு அதில் 7 இஞ்ச் டிஸ்க் மாட்டுகிறார். "மெஷின் அதே வேகத்தில்தானே சுத்துது, என்ன பயம்?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தம்பி, முதலில் அந்த டிஸ்க்கைக் கழற்றச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

அவர் சொல்வதில் பாதி சரி. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது மாறவில்லை. பாடப்புத்தகம் இதைக் கோண வேகம் என்கிறது. ஆனால் டிஸ்க்கைப் பிய்ப்பது விளிம்பின் வேகம். செக்கு மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தடியை இரண்டு மடங்கு நீளமாக்கிவிட்டு, அதே நேரத்தில் அதே சுற்று வேண்டும் என்றால், மாடு இரண்டு மடங்கு வேகமாக ஓட வேண்டும்.

சரி, கணக்கைப் போடுவோம். உங்கள் மெஷின் தகட்டில் 11,000 ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு 11,000 சுற்று என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 60-ஆல் வகுத்தால் நொடிக்கு 183.3 சுற்று. ரேடியன் என்பது கோணத்தை அளக்கும் அலகு; ஒரு சுற்றுக்கு 6.28 ரேடியன் என்பதால், கோண வேகம் நொடிக்கு சுமார் 1,152 ரேடியன். இதை ஆரத்தால் பெருக்கினால் விளிம்பு வேகம் வந்துவிடும். 4 இஞ்ச் டிஸ்க்கின் விட்டம் 100 மி.மீ., ஆரம் 0.05 மீட்டர்: நொடிக்கு 57.6 மீட்டர். 7 இஞ்சுக்கு விட்டம் 180 மி.மீ., ஆரம் 0.09: நொடிக்கு 103.7 மீட்டர். மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேல்!

இப்போது டிஸ்க்கின் மேல் அச்சடித்திருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் நொடிக்கு 80 மீட்டர் என்று இருக்கும். பக்கத்திலேயே உச்ச ஆர்.பி.எம்.: 7 இஞ்சுக்கு 8,500 அளவில், 4 இஞ்சுக்கு 15,000 சொச்சம், 14 இஞ்ச் கட்டிங் மெஷின் டிஸ்க்குக்கு 4,300 அளவில். மூன்றையும் மேலே உள்ள மாதிரி பெருக்கிப் பாருங்கள், சுற்றிச் சுற்றி 80-லேயே வந்து நிற்கும். பெரிய மெஷினை மெதுவாகச் சுற்ற வைத்திருப்பது இதற்காகத்தான்.

80 எங்கே, 104 எங்கே? 1.3 மடங்குதானே என்று உங்கள் ஃபிட்டர் சொல்வார். பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும், 1.3-ஐ 1.3-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 1.7 மடங்கு. கீழே விழுந்து கீறல் விட்ட டிஸ்க்காக இருந்தால் கேட்கவே வேண்டாம். நான் வேலை பழகிய பட்டறையில் இப்படி மாட்டிய டிஸ்க் ஒன்று சிதறி, ஒரு துண்டு கூரை ஷீட்டைத் துளைத்துக்கொண்டு போனது. ஓட்டியவர் அப்போது பீடிக்குத் தீப்பெட்டி கேட்க ஓரடி நகர்ந்திருந்தார். அந்த ஒரு பீடியை மட்டும் நான் குறை சொல்வதில்லை.

கேள்வி: 7 இஞ்ச் டிஸ்க் தேய்ந்து 4 இஞ்ச் ஆனதும் சரியாக வெட்டுவதில்லை. அதைச் சின்ன மெஷினில் போட்டு முடிக்கலாமா?
(அதே வாசகர்)

பதில்: வெட்டு மந்தமாவதும் இதே கணக்குதான். 8,500 சுற்றில் விட்டம் 100 மி.மீ. ஆகிவிட்டால் விளிம்பு வேகம் 80-லிருந்து 44-க்கு இறங்கிவிடுகிறது. சின்ன மெஷினில் போட்டால் 57.6 வரும், கணக்குக்குத் தாங்கும். ஆனால் அதன் நடு ஓட்டை 22 மி.மீ., சின்ன டிஸ்க்குக்கு 16. இடைவெளியை அடைக்க புஷ் (வளையம்) போட்டு ஒப்பேற்றினால் மையம் விலகி ஆடும். அப்புறம், அதன் மேல் அச்சடித்த உச்ச வரம்பு 8,500. உங்கள் மெஷின் 11,000. வேண்டாம். தேய்ந்ததை இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் உங்கள் ஃபிட்டர் எடுத்து மாட்டிவிடுவார்.