செட் இல்லாமல் ஹாம் ரேடியோ: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிய தனி ஆட்கள் பொழுதுபோக்காக ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசுவது; அப்படிப் பேசுபவரும் ஹாம்தான்) பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்துதான் அதிகக் கடிதம் வந்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பது நெட் வழியாகக் கேட்கும் ரிசீவரைப் பற்றி. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும்.

செட், ஏரியல் எதுவும் வாங்காமல் போனிலேயே ஹாம் ரேடியோ கேட்கலாம் என்கிறான் மகன். காசு கட்ட வேண்டுமா, லைசென்ஸ் வேண்டுமா? (தங்கச்சிமடம் வாசகர்)

மகன் சொல்வது சரிதான், காசும் வேண்டாம். எங்கோ ஒரு ஊரில் ஒருவர் ஏரியல் கட்டி, அதில் விழும் சிக்னலை அப்படியே கம்ப்யூட்டருக்குள் விட்டு, யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று நெட்டில் திறந்து வைத்திருக்கிறார். நீங்கள் பிரவுசரில் உள்ளே போய்த் திருகிக் கேட்க வேண்டியதுதான். பழைய செட்டில் ஒருவர் திருகினால் வீட்டில் எல்லோரும் அதைத்தான் கேட்டாக வேண்டும். இதில் அலைவரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் டிஜிட்டலாக மாறிவிடுவதால் ஆளுக்கொரு இடத்தில் வைத்துக் கேட்கலாம்.

இதில் பேர் போனது நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் வெப் எஸ்.டி.ஆர். (எஸ்.டி.ஆர். என்றால் சாஃப்ட்வேரால் இயங்கும் ரேடியோ). 2008இல் தொடங்கியது, ஒரே சமயத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கேட்கிறார்கள், 29 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் போகலாம். இன்னொரு வகை கிவி எஸ்.டி.ஆர். சின்ன அட்டை மாதிரி ஒரு கருவி, உலகம் முழுக்கத் தனி ஆட்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றில் நான்கு பேர், எட்டுப் பேர் என்றுதான் இடம் இருக்கும். நிரம்பியிருந்தால் வேறொன்றைப் பாருங்கள். சிலர் நேரக் கணக்கும் வைத்திருப்பார்கள், திடீரென்று வெளியே தள்ளினால் கோபப்படாதீர்கள், அவர் வீட்டுக் கரண்டில் ஓடுகிற கருவி அது.

மைக் பிடித்துப் பேசத்தான் லைசென்ஸ். அதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவான டபிள்யூ.பி.சி. நடத்தும் தேர்வு இருக்கிறது, 12 வயது ஆகியிருந்தால் எழுதலாம். பையனுக்கு ஆர்வம் இருந்தால் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

போன் டேட்டா சீக்கிரம் தீர்கிறது என்றால், திரையில் ஓடிக்கொண்டே இருக்கும் நிறப்பட்டையை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள்.

நெதர்லாந்து ரிசீவரில் 7100 கிலோஹெர்ட்ஸில் (7.1 மெகாஹெர்ட்ஸ்) வைத்தேன். வாத்து கத்துவது போல ஏதோ கேட்கிறது, ஒரு வார்த்தை புரியவில்லை. தமிழ் பேசும் ஹாம்கள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. மதியம் 2 மணிக்குக் கேட்டேன். (கீழக்கரை கல்லூரி மாணவர்)

தம்பி, இரண்டு விஷயம் இருக்கிறது. முதலில் வாத்து. ஹாம்கள் குரலில் பாதிப் பட்டையை மட்டும் அனுப்புவார்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்.எஸ்.பி. (கீழ்ப் பாதி), மேலே யூ.எஸ்.பி. (மேல் பாதி) என்பது வழக்கம். நீங்கள் 7 மெகாஹெர்ட்ஸில் இருந்துகொண்டு ஏ.எம்.மிலோ யூ.எஸ்.பி.யிலோ வைத்திருப்பீர்கள். எல்.எஸ்.பி.யை அமுக்கிவிட்டு, மவுஸ் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டுங்கள். கீச்சுக் குரல் மெல்லக் கனத்து, மனிதக் குரலாகிற இடத்தில் நிறுத்துங்கள். முன்னே பின்னே சில பத்து ஹெர்ட்ஸ் தள்ளினாலே குரல் ஒரு மாதிரியாகிவிடும். நிறப்பட்டையில் பார்த்தால் பேச்சு அகலமான பூச்சாகத் தெரியும், மோர்ஸ் தந்தி துண்டு துண்டான ஒற்றைக் கோடாகத் தெரியும். 14.074 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் 15 விநாடிக்கு ஒருமுறை ஒரே விசில் கூட்டமாகக் கேட்கும், அது கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் பேசும் எஃப்.டி.8. அதில் காது கொடுத்து ஒன்றும் ஆகாது.

இரண்டாவதுதான் முக்கியம். போன் கீழக்கரையில் இருந்தாலும் உங்கள் காது அங்கே நெதர்லாந்தில் இருக்கிறது. நம்மூருக்கு என்ன வருகிறது என்பது அந்த ரிசீவருக்குத் தெரியாது, அந்த ஊர் ஏரியலில் என்ன விழுகிறதோ அதுதான் கேட்கும். பகலில் சூரிய வெளிச்சத்தால் வானத்தின் டி அடுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சிவிடும், சில நூறு கிலோமீட்டருக்கு மேல் போகாது. காலையில் நம் பக்கத்து ஹாம்கள் அந்தப் பட்டையில் கூடி ஊர்க்கதை பேசுவார்கள், அந்தப் பேச்சு ஐரோப்பாவை எட்டாது. நெதர்லாந்திலிருந்து இந்தியக் குரல் கேட்க வேண்டுமென்றால் இரண்டு ஊரிலும் இருட்டு வேண்டும். டிசம்பரில் நம் கடிகாரப்படி இரவு 9 மணிக்கு மேல் விடியும் வரை அப்படி இருக்கும். ஜூன் மாதம் அங்கே இருட்டவே நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும், அப்புறம் விடிவதற்கு நாலைந்து மணி நேரம்தான் மிச்சம்.

அதனால் கிவி பட்டியலை வரைபடமாகத் திறந்து, தென்னிந்தியாவிலோ இலங்கையிலோ பச்சைக்கொடி காட்டும் ரிசீவர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் இருக்கும், மறுநாள் காணாமல் போகும், பரவாயில்லை. காலை 7 மணி வாக்கில் 7.000க்கும் 7.200க்கும் நடுவே மெதுவாக நகர்த்துங்கள். ஒவ்வொரு ஹாமுக்கும் ஒரு அழைப்புக் குறி உண்டு; அது வி.யூ.2, வி.யூ.3 என்று தொடங்கினால் நம்மவர், 4 எஸ் 7 என்றால் இலங்கைக்காரர். 7.200ஐத் தாண்டினால் வானொலி நிலையங்கள்தான் முழங்கும்.

என் அண்ணன் படகில் வாக்கி டாக்கி வைத்திருக்கிறார். கடலுக்குப் போனால் அவர் பேசுவதை இந்த ரிசீவரில் கேட்க முடியுமா? (மண்டபம் வாசகி)

முடியாது அம்மா. படகில் இருப்பது வி.எச்.எஃப். (மிக உயர்ந்த அலைவரிசை) செட், பொது அழைப்புக்கான 16ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது. நான் சொன்ன ரிசீவர்கள் 30 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். தவிர வி.எச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். ஏரியல் பக்கத்திலேயே, அதுவும் உயரத்தில் இருந்தால்தான் பிடிக்கும். கேட்க முடிந்தாலும் இதை நம்பிக் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். படகு திரும்பவில்லை என்ற பயம் வந்தால் நேராகக் கடலோரக் காவல்படையின் 1554க்கு அடியுங்கள்.

2004 சுனாமியின்போது ஹாம்கள்தான் தகவல் கொடுத்தார்கள் என்று படித்தேன். இன்னொரு புயல் வந்தால் நெட் ரிசீவர் உதவுமா? (ராமேஸ்வரம், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

உண்மைதான் ஐயா. அந்த டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானிலிருந்து ஒலிபரப்ப போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். 26ஆம் தேதி எல்லாம் புரண்டபோது, கையில் இருந்த செட்டை வைத்தே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். தனுஷ்கோடியை 1964இல் கடல் கொண்டதைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் நெட் ரிசீவரைப் பொறுத்தவரை ஒரு கால் நெட்டில் நிற்கிறது. டவர் விழுந்தால் பாம்பனில் உட்கார்ந்து நெதர்லாந்தைக் கேட்க முடியாது. மதுரையிலோ சென்னையிலோ நெட் இருக்கிறவர்கள், சேதமில்லாத ஊரில் இருக்கும் ரிசீவர் வழியாக, புயல் பகுதியில் பேசும் ஹாமைக் கேட்கலாம். அந்த மட்டில் உதவி உண்டு. புயலுக்குள்ளே இருப்பவருக்கு பேட்டரியும் கம்பியும் லைசென்ஸும்தான்.

தேவிபட்டினத்தில் நாங்களே ஒன்று வைத்தால் என்ன? (நண்பர்கள் குழு)

நல்ல யோசனை, கடலோரம் இதற்கு ஏற்ற இடமும்கூட. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் தாழ்வாக வரும் தூரத்துச் சிக்னல் கடல் பக்கமிருந்து கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அதே உப்புக் காற்று செம்புக் கம்பியின் இணைப்பைப் பச்சை பூக்க வைத்துவிடும். ஏரியலும் கேபிளும் சேரும் இடத்தை நீர் புகாத டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள், அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். அடுத்த எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மலிவு எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர். மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஒரு சின்ன ரேடியோவை ஓட்டிப் பாருங்கள், இரைச்சல் சட்டென்று அடங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டில்தான். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் ஏரியலைக் கழற்றிவிட மறக்காதீர்கள். கருவி வரவழைக்கும் முன் லைசென்ஸ் உள்ள ஹாம் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், விதிமுறையும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நெட் வழியாகக் கேட்ட ஹாமுக்கு, கேட்டேன் என்று கியூ.எஸ்.எல். அட்டை அனுப்பலாமா? (தொண்டி வாசகர்)

அனுப்பலாம். தேதி, யூ.டி.சி. என்கிற உலகப் பொது நேரம் (நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்தால் வருவது), அலைவரிசை, என்ன பேசினார் என்பதோடு எந்த ஊர் ரிசீவர் என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் தன் சிக்னல் தொண்டி வரைக்கும் வருகிறதென்று அந்த மனிதர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.