வரைபடத்தில் மூன்று குறிகள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களை ஊருக்கு அடையாளம் காட்டுவது பற்றிப் போன மாதம் எழுதியதற்கு நிறைய கடிதங்கள் வந்தன. பாதி கோபம், பாதி பயம். இரண்டுமே நியாயம்தான். ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

நியூ ஜெர்சி எடிசனில் வீடு வாங்கப் போகிறோம். இணையத்தில் தேடினால் அந்தப் பகுதியில் மூன்று பேரின் படமும் முகவரியும் வருகிறது. வேறு இடம் பார்க்கலாமா? எங்களுக்கு ஆறு வயதுப் பெண் குழந்தை.

குற்றவாளிகளை ஊருக்கு அறிவிக்கும் அந்தப் பட்டியலை நாடெங்கும் கொண்டுபோன சட்டம் பிறந்தது உங்கள் மாநிலத்தில்தான். 1994 ஜூலையில், ஹாமில்டன் டவுன்ஷிப்பில், மேகன் கான்கா என்ற ஏழு வயதுக் குழந்தையை எதிர்வீட்டுக்காரன் நாய்க்குட்டி காட்டுகிறேன் என்று கூப்பிட்டுக் கொன்றான். ஏற்கெனவே இரண்டு முறை சிறுமிகளைத் தாக்கித் தண்டனை பெற்றவன். தெரிந்திருந்தால் மகளை வெளியே விட்டிருக்க மாட்டோமே என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு எதிராக எவராலும் பேச முடியவில்லை. மூன்றே மாதத்தில் மாநிலச் சட்டம் வந்தது, 1996இல் நாடு முழுவதற்கும் மேகன் சட்டம் வந்தது.

அதே நியூ ஜெர்சியில் ஆய்வாளர்கள் சட்டத்துக்கு முன்பும் பின்பும் விடுதலையானவர்களை ஒப்பிட்டுப் பார்த்து 2008இல் அறிக்கை கொடுத்தார்கள். மறுபடி கைதாகும் காலத்திலும் மாற்றமில்லை, பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையிலும் மாற்றமில்லை. செலவு மட்டும் ஏறியிருந்தது. தொடங்கும்போது சுமார் 5.5 லட்சம் டாலர், 2007இல் ஆண்டுக்கு ஏறக்குறைய 39 லட்சம் டாலர்.

இன்னொரு விஷயம், வரைபடத்தைப் பார்க்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாதது. அங்கே குற்றவாளிகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் படியில், அதாவது ஆபத்து குறைவு என்று கருதப்படுபவர்கள், இணையத்தில் வரவே மாட்டார்கள். இரண்டாம் படியில் இருக்கும் ஒருவர் மேல் ஒரே ஒரு குற்றம், அதுவும் தன் குடும்பத்துக் குழந்தையிடம் செய்தது என்றால், பொதுவாக அவரையும் ஏற்றுவதில்லை. ஏற்றினால் அந்தக் குழந்தை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் வைத்த விதி. சரியான விதி. ஆனால் விளைவைப் பாருங்கள்: மிக அதிகமாக நடக்கும் வகைக் குற்றமே வரைபடத்தில் கிடையாது. அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரம் ஒன்றில், பாதிக்கப்பட்ட சிறார்களில் முன்பின் தெரியாதவரால் தாக்கப்பட்டவர்கள் 7 சதவீதம் மட்டுமே. மீதி எல்லாம் சொந்தம், பழக்கம்.

ஆகவே, வீடு பிடித்திருந்தால் வாங்குங்கள். மூன்று முகங்களையும் பார்த்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. குறியே இல்லாத தெரு பாதுகாப்பான தெரு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பியானோ வகுப்பு, கார்பூல், இரவு தங்கப் போகும் நண்பர் வீடு, இவற்றில் யார் குழந்தையுடன் தனியாக இருக்கிறார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்த இணையதளமும் பதில் தராது.

இவர்கள் எத்தனை வருடம் ஆனாலும் திருந்த மாட்டார்கள், 80 சதவீதம் பேர் திரும்பச் செய்வார்கள் என்று எங்கோ படித்தேன். உண்மையா சார்?

எங்கோ இல்லை தம்பி, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2002இல் ஒரு வழக்கில், சிகிச்சை பெறாதவர்களில் 80 சதவீதம் வரை மறுபடி குற்றம் செய்வதாக மதிப்பிடப்படுகிறது என்று எழுதினார்கள். அடுத்த வருடம், பட்டியலை இணையத்தில் போடுவது தண்டனை ஆகாது என்று சொன்ன அலாஸ்கா வழக்கிலும் அதே பயம் எதிரொலித்தது. பின்னால் சட்ட ஆய்வாளர்கள் அந்த எண்ணின் வேரைத் தேடிப் போனால், அது 1986இல் ஒரு ஜனரஞ்சக உளவியல் இதழில் சிறை ஆலோசகர் ஒருவர் போகிற போக்கில் எழுதிய வரியில் போய் நின்றது. ஆய்வு என்று அடியில் எதுவுமே இல்லை.

1994இல் 15 மாநிலங்களில் விடுதலையான 9,691 பேரை அமெரிக்க அரசே பின்தொடர்ந்தது. மூன்று வருடத்தில் பாலியல் குற்றத்துக்காக மறுபடி கைதானவர்கள் 5.3 சதவீதம். இது கைதுக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது, வெளியே வராத குற்றங்கள் இதில் சேராது. உண்மை அளவு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் நியூயார்க்கில் 21 வருடக் கைதுகளைப் புரட்டியபோது, பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேல் முன்பு அந்த வகைத் தண்டனையே பெறாதவர்கள். எப்பேர்ப்பட்ட பட்டியல் போட்டிருந்தாலும் அதில் இருந்திருக்க மாட்டார்கள்.

ஹாலோவீன் அன்று இவர்கள் வீட்டு வாசலில் பலகை வைப்பார்களாமே?

குழந்தைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் இரவு அது. மிசூரியில் 2008 முதல் ‘இந்த வீட்டில் மிட்டாய் இல்லை’ என்று எழுதி வைக்கச் சட்டம் இருந்தது, 2024இல் நீதிமன்றம் பலகையை ரத்து செய்தது. முப்பது மாநிலங்களில் 67,000க்கும் மேற்பட்ட சம்பவங்களை ஆராய்ந்ததில் அன்றைக்கு மட்டும் குற்றம் கூடியதாகத் தெரியவில்லை. அன்று குழந்தைகளுக்கு நிஜமான ஆபத்து ரோட்டில் வரும் கார்.

நம் ஊரிலும் தெருமுனையில் போட்டோ ஒட்ட வேண்டும். நான்கு பேர் காறித் துப்பினால்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும். இந்தியாவில் ஏன் தயங்குகிறார்கள்?

இந்தியாவில் பட்டியல் இருக்கிறது. 2018 செப்டம்பர் 20 அன்று தேசியப் பதிவேடு தொடங்கப்பட்டது, அன்றே நான்கரை லட்சத்துக்கு நெருங்கிய பதிவுகள். பார்க்கும் உரிமை போலீஸுக்கு மட்டும். அது தயக்கம் இல்லை, சரியான முடிவு என்பது என் கருத்து.

அமெரிக்கத் தரவை வைத்து 2011இல் வந்த ஆய்வு ஒன்று இரண்டு விஷயத்தைப் பிரித்துக் காட்டியது. குற்றவாளி எங்கே இருக்கிறான் என்று போலீஸுக்குத் தெரிந்திருந்தால் குற்றம் குறைகிறது. ஊருக்கே அறிவித்தால், புதிதாகச் செய்ய நினைப்பவன் கொஞ்சம் தயங்கலாம், நீங்கள் சொல்லும் பயம் அதுதான். ஆனால் பட்டியலில் இருப்பவன் திரும்பச் செய்யும் வாய்ப்பு கூடுகிறது. வேலை இல்லை, வீடு இல்லை, பேச ஆள் இல்லை, இழக்கவும் எதுவும் இல்லை என்றால் அவன் எதற்காக அடங்கி இருப்பான்?

மயாமியில் நடந்தது தெரியுமா? பட்டியலில் இருப்பவர்கள் பள்ளி, பூங்கா எதிலிருந்தும் 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று உள்ளூர் விதி. அப்படி அளந்தால் நகரத்தில் இடமே மிஞ்சவில்லை. கடைசியில் ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டார்கள். ஒரு கட்டத்தில் நூறு பேரைத் தாண்டியது. சிலருடைய ஓட்டுநர் உரிமத்தில் முகவரியே பாலத்தின் பெயர்தான். 2010இல் காலி செய்யும் வரை இதுதான் நிலை. கண்காணிக்க வேண்டியவர்களை முகவரி இல்லாதவர்களாக ஆக்கிவிட்டு அதைப் பாதுகாப்பு என்றார்கள்.

லூசியானாவில் உரிமத்தின் மேலேயே ஆரஞ்சு எழுத்தில் ‘பாலியல் குற்றவாளி’ என்று அச்சடித்தார்கள். ஒருவர் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே செலோடேப் ஒட்டியிருந்தார். அவர்மேல் போட்ட வழக்கிலேயே அந்த முத்திரை செல்லாது என்று 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தெருமுனை போட்டோவுக்கு வருகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், வன்புணர்வு வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர். (திருமணம் செய்வதாக ஏமாற்றிய வழக்குகளும் அதில் சேர்கின்றன.) அப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன். அப்பனுடைய போட்டோவை ஒட்டிவிட்டு, அந்தப் பெண் யார் என்பதை எப்படி மறைப்பீர்கள்? போக்சோ 23ஆம் பிரிவு குழந்தையின் அடையாளம் வெளியே வரக் கூடாது என்கிறது. அதைவிட, போட்டோ ஒட்டுவார்கள் என்று தெரிந்தால் எத்தனை அம்மாக்கள் ஸ்டேஷன் படி ஏறுவார்கள்? இப்போதே ‘குடும்ப மானம்’ என்று உள்ளேயே பேசி முடிக்கிறார்கள். காறித் துப்பும் நான்கு பேர் முதலில் துப்புவது அந்தப் பெண் பிள்ளை மேல்தான்.

பெற்றோருக்கு எதுவுமே தெரிய வேண்டாமா என்றால், இங்கிலாந்தில் ஒரு நடுவழி இருக்கிறது. 2000இல் சாரா பெய்ன் என்ற எட்டு வயதுக் குழந்தை கொல்லப்பட்டது. அந்தக் கொந்தளிப்பில் வேல்ஸில் ஒரு குழந்தை மருத்துவர் வீட்டு வாசலில் வசை எழுதினார்கள், குழந்தை மருத்துவருக்கான ஆங்கிலச் சொல்லும் அந்த வசையும் ஒரே மாதிரி தொடங்குகின்றன என்பதற்காக! அப்புறம் நிதானித்து, 2008இல் சோதனையாகத் தொடங்கி, ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். உங்கள் குழந்தையோடு பழகும் குறிப்பிட்ட ஆளைப் பற்றி நீங்கள் போலீஸிடம் கேட்கலாம். ஆபத்து உண்டென்றால் உங்களிடம் மட்டும் சொல்வார்கள். இங்கே ஏதாவது வேண்டும் என்றால் அதைக் கேட்டுப் போராடுவேன்.

என் கொழுந்தனார் போக்சோ வழக்கில் ஏழு வருடம் இருந்துவிட்டு அடுத்த மாதம் வருகிறார். மாமியார் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார், அக்கம்பக்கம் தெரியக் கூடாதாம். எனக்கு ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள்.

சகோதரி, இதைத்தான் முதலில் படித்தேன். உங்களுக்குப் பட்டியல் தேவையில்லை, ஆளைத் தெரியும். மகள் இருக்கும் வீட்டில் அவர் தங்கக் கூடாது. ஒரு வாரமும் வேண்டாம், திருவிழாவுக்கும் வேண்டாம். மாமியாரிடம் பேசும் முன் கணவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். பக்கத்தில் வேறு அறை எடுத்துக் கொடுங்கள், சாப்பாடு கொடுத்தனுப்புங்கள், ஆனால் அதைக் கொண்டுபோவது மகளாக இருக்கக் கூடாது. அவளிடம் பயமுறுத்தாமல் சொல்லுங்கள்: சித்தப்பாவோடு தனியாக இருக்கக் கூடாது, எது நடந்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், அடி விழாது. குடும்பத்தில் குழந்தை வைத்திருக்கும் எல்லோருக்கும் விஷயம் தெரிய வேண்டும். தெருவுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. நெருக்கினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அடியுங்கள்.

அவரையும் அநாதையாக விடாதீர்கள். மேகன் இறந்த அதே 1994இல், கனடாவில் இன்னொரு ஹாமில்டனில், ஊரே பயந்த ஒருவர் விடுதலையாகி வந்தார். ஒரு பாதிரியாரும் சில தன்னார்வலர்களும் முறை வைத்து அவரைப் போய்ப் பார்த்தார்கள்: இன்று எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். சாகும் வரை அவர் திரும்பக் குற்றம் செய்யவில்லை. அந்த முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. உங்கள் கணவரும் அவர் அண்ணன் தம்பிகளும் அந்த வேலையைச் செய்யலாம்.

எங்கள் குடியிருப்பில் குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுத்தர ஒருவரை வைக்கப் போகிறோம். தேசியப் பதிவேட்டில் பார்க்க முடியாது என்றால் என்ன செய்வது?

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே நன்னடத்தைச் சரிபார்ப்புக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். குழந்தைகளோடு பழகும் ஊழியர்களைப் பள்ளிகளும் விளையாட்டுப் பயிற்சி மையங்களும் குறிப்பிட்ட கால இடைவெளியில் இப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகளே சொல்கின்றன. முன்பு வேலை செய்த இடத்துக்கும் ஒரு போன் போட்டு, ஏன் நின்றார் என்று கேளுங்கள். சான்றிதழ் சுத்தமாக வந்த பிறகும், வகுப்பு நேரத்தில் இரண்டு பெற்றோர் குளத்தங்கரையில் நாற்காலி போட்டு உட்காருங்கள். உடை மாற்றும் அறைக்குள் அவர் போகக் கூடாது என்பதை முதல் நாளே, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.