அழகர் எதற்காக ஆற்றுக்கு வருகிறார்? சமணமலை அடிவாரத்துக் கேள்விகள்

போன ஞாயிறு மதுரைப் பக்கத்துக் கீழக்குயில்குடிச் சமணமலையை உங்களுக்குச் சுற்றிக் காட்டிவிட்டு இறங்கி, கருப்பசாமி கோயில் ஆலமரத்தடியில் உட்கார்ந்தபோது, கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். இப்படிக் கட்டுக் கட்டாக வரும் என்று நினைக்கவில்லை. வெயில் ஏறிவிட்டதால் பாதிக்குக்கூடப் பதில் சொல்ல முடியவில்லை. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார், பழைய கல்வெட்டுகளில் வரும் வட்டெழுத்து கொஞ்சம் படிப்பேன். கடவுள் உண்டா இல்லையா என்று கேட்ட மூன்று சீட்டுகளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன், அது என் துறை இல்லை.

திருநகர் அம்மா ஒருவர்: சம்பந்தர் காலத்தில் எட்டாயிரம் சமணர்கள் கழுவேறினார்கள் என்று பெரிய புராணம் சொல்கிறது. மலையில் நீங்கள் காட்டிய சமணச் சிலைகள் அதற்குப் பிந்தியவை என்கிறீர்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

அம்மா, முதலில் காலத்தை வரிசையாக வைத்துக்கொள்வோம். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு. எட்டாயிரம் பேர் கழுவேறிய செய்தி அவருடைய தேவாரத்தில் இல்லை. சமணரோடு வாதம் செய்ததும் அவர்களைச் சாடியதும் உண்டு, தாராளமாகவே உண்டு. கழுவேற்றம் 11ஆம் நூற்றாண்டில் நம்பியாண்டார் நம்பியிடம் தலைகாட்டுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை விரிவாகப் பாடுகிறார். நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் விரித்துச் சொன்னவருக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு.

இப்போது கல்லுக்கு வருவோம். மலையில் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரர்களின், அதாவது சமண குருமார்களின், கீழே வட்டெழுத்தைத் தடவிப் பார்த்தீர்களே, அதில் ஒன்று அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் 'செய்வித்த திருமேனி' என்று சொல்கிறது. 9, 10ஆம் நூற்றாண்டு எழுத்து அது. அதே அச்சணந்தியின் பெயர் ஆனைமலையிலும் இருக்கிறது, இன்னும் சில மலைகளிலும் இருக்கிறது. சம்பந்தர் சைவத்துக்குத் திருப்பியதாகச் சொல்லும் கூன் பாண்டியன் காலத்தில் மதுரைச் சமணம் வேரோடு போயிருந்தால், இருநூறு ஆண்டு கழித்து ஒரு துறவியின் அம்மா வெட்டவெளியில், பாறையில், பெயர் போட்டுச் சிலை செய்ய வழியில்லை. அரசு ஆதரவு கைமாறியிருக்கும். சண்டை நடந்திருக்கும், சிலர் கொல்லப்பட்டும் இருக்கலாம். ஆனால் எட்டாயிரம் என்ற எண்ணைக் கல் தாங்கவில்லை. மதுரையைச் சுற்றிச் சமணர்க்கு எட்டுக் குன்றம் என்று ஒரு மரபு உண்டு. எட்டை ஆயிரத்தால் பெருக்கியது ஒரு புலவரின் கணக்கு என்பது என் ஊகம், ஊகம் மட்டும்தான்.

பக்கத்திலேயே செட்டிப்புடவு பார்த்தோம். நீண்ட காதோடு உட்கார்ந்திருக்கும் தீர்த்தங்கரரை ஊர்க்காரர்கள் செட்டியாராக்கிவிட்டார்கள், குகைக்கும் அதுவே பெயராகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. தெரிந்ததை வைத்துத் தெரியாததற்குப் பெயர் வைத்தார்கள். புராணங்களிலும் பாதி வேலை இப்படித்தான் நடந்திருக்கிறது.

செல்லூர் தம்பி: அப்போது பெரிய புராணம் முழுக்கக் கட்டுக்கதைதானே? நேராகச் சொல்லுங்கள் சார்.

நேராகவே சொல்கிறேன், இல்லை. அதே நூலில் சிறுத்தொண்டர் மன்னனுக்காகப் படையோடு போய்ச் சாளுக்கியர் தலைநகர் வாதாபியை அழித்துத் திரும்பிய செய்தி வருகிறது. 642ஐ ஒட்டிப் பல்லவன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது கல்வெட்டால் உறுதியான விஷயம், வாதாபியிலேயே அவன் கல்வெட்டு இருக்கிறது. சம்பந்தரின் காலத்தை நாம் கணிப்பதே சிறுத்தொண்டர் அவர் காலத்தவர் என்பதை வைத்துத்தான். ஒரு புத்தகத்தை மொத்தமாகத் தராசில் தூக்கி வைக்காதே தம்பி. ஒவ்வொரு செய்தியாக எடு. இதை எழுதியவர் எப்போது இருந்தார், யாருக்காக எழுதினார், வேறு சாட்சி உண்டா என்று பார். சோழர் காலத்துச் சைவர்கள் தங்கள் கடந்த காலத்தை எப்படி நினைக்க விரும்பினார்கள் என்பதற்குச் சேக்கிழாரைவிட நல்ல சாட்சி கிடையாது. கேட்கிற கேள்வியை மாற்றினால் அதே நூல் முதல்தரச் சான்று.

மேலூர் பக்கத்து ஆசிரியர் ஒருவர்: எங்கள் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்தன என்று பாடியிருக்கிறார். பிரபஞ்சம் விரிவடைகிறது என்பதை ஹபிளுக்கு முன்பே சொல்லிவிட்டார் அல்லவா?

ஐயா, எனக்கும் திருவாசகம் உயிர். அதனால்தான் இதில் கொஞ்சம் கோபம் வரும்.

எட்வின் ஹபிள் 1929இல் சொன்னது, தொலைவு கூடக் கூட விண்மீன் மண்டலங்கள் அதற்கேற்ற வேகத்தில் விலகிப்போகின்றன என்ற அளவீடு. மாணிக்கவாசகர் 'விரிந்தன' என்றது பரந்து கிடந்தன என்ற பொருளில். அந்தச் சொல்லை நவீன இயற்பியலாக எடுத்தால் 'நூற்றொரு கோடி'யையும் எடுக்க வேண்டும். இன்றைய கணிப்பில் பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள மண்டலங்கள் அதைப்போலப் பல மடங்கு. பொருந்தியது என்றால் விஞ்ஞானம், பொருந்தாதது என்றால் கவிதை என்று வைத்துக்கொண்டால் எந்தப் பாட்டும் தோற்காது. தோற்கவே முடியாத பந்தயத்தில் ஜெயித்து என்ன பெருமை?

அதே இடத்தில் அவர் கண்ணால் கண்ட ஒன்று இருக்கிறது, அதை யாரும் பகிர்வதில்லை. வீட்டுக்குள் நுழைகிற வெயில் கதிரில் மிதக்கும் துகள்போல, அந்த அண்டங்களெல்லாம் சிறுத்துப்போகும்படி இறைவன் பெரியவன் என்கிறார். ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஓடு விலகிய இடத்தில் காலை பத்து மணிக்கு ஒரு வெளிச்சக் குச்சி இறங்கும், அதற்குள் தூசி சும்மா மிதந்துகொண்டிருக்கும். கை வைத்துப் பிடிக்கப் பார்ப்போம். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதற்கு எந்த விஞ்ஞானியின் சான்றிதழும் வேண்டாம்.

கோரிப்பாளையம் தம்பி: குர்ஆனில் கரு வளர்ச்சி பற்றி இருப்பதையும் இதே அளவுகோலில்தான் பார்ப்பீர்களா?

அதேதான் தம்பி, ஆளுக்கொரு படி வைத்து அளந்தால் அது கடை இல்லை. ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த பிறகுதான் வசனத்துக்கு அந்தப் பொருள் தெரிகிறது என்றால், கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம். 'அணுவைத் துளைத்து' என்று குறளைப் புகழ்ந்த வரியைக் காட்டி அணுகுண்டு வரை போகிற நம்மவர்களுக்கும் இதே பதில்தான்.

நூல் எவ்வளவு பழையது என்பது தனிக் கேள்வி, அதற்கு அறிவியல் உதவும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள குர்ஆன் தோல் ஏடுகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்து, தோலின் காலம் 568க்கும் 645க்கும் இடையே என்று 2015இல் அறிவித்தார்கள். நபிகள் காலத்தை ஒட்டிய ஏடு. வாசகம் மிகப் பழையது என்பதற்கு அது வலுவான சான்று. வாசகம் சொல்வது உண்மையா என்பதைத் தோலின் வயது சொல்லாது.

ஞானஒளிவுபுரம் சகோதரி: விவிலியத்தில் வரலாறு எந்த அளவுக்கு நிற்கிறது?

கலந்துதான் நிற்கிறது. இயேசுவைத் தண்டித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. அது வலுவான சாட்சி. மறுபக்கம், ஏரோது மன்னன் காலத்தில் இயேசு பிறந்தார் என்கிறது மத்தேயு. லூக்காவோ சிரியாவில் குரேனியு ஆளுநராக இருந்தபோது எடுத்த குடிமதிப்பைச் சொல்கிறது. ஏரோது இறந்தது கிமு 4 என்பது பெரும்பாலோர் கணக்கு. அந்தக் குடிமதிப்பு கிபி 6. இடையில் ஏறத்தாழப் பத்து ஆண்டு இடிக்கிறது. இதைக் கண்டுபிடித்து அலசியவர்களில் பலர் குருமார்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெயர் எழுதாத சீட்டு: மூன்று சங்கமும் சேர்ந்து 9990 ஆண்டு என்பது உண்மையா?

இதை நானே வகுப்பில் பல வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். முதல் சங்கம் 4440, இடைச்சங்கம் 3700, கடைச்சங்கம் 1850. ஒருநாள் பின் பெஞ்சுப் பையன் ஒருவன், "சார், மூன்றுமே 37ஆல் மீதியில்லாமல் வகுபடுது" என்றான். வகுத்துப் பாருங்கள்: 120, 100, 50. உண்மையில் நடந்த ஆட்சிகள் இப்படி அழகாக வகுபடாது. இந்தக் கணக்கு வருவது இறையனார் களவியல் உரையில். அதை 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். அன்று பேசாமல் சாக்பீசைக் கீழே வைத்துவிட்டேன். குமரிக்கண்டத்து வரைபடத்தையும் அந்த வருடத்தோடு நிறுத்தினேன். அதற்கு ஆதாரமாகக் காட்டும் லெமூரியா என்பது 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் விலங்குகளின் பரவலை விளக்க முன்வைத்த யூகம். கண்டத் தட்டுகள் நகர்வது தெரிந்த பிறகு அது தேவையில்லாமல் போய்விட்டது.

சங்கமே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். மீனாட்சிபுரத்து மாங்குளம் குகையில் நெடுஞ்செழியன் பெயர் தமிழ்ப் பிராமியில் இருக்கிறது, கிமு 2ஆம் நூற்றாண்டு என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கணித்தார். பாட்டில் கேட்ட பெயர் பாறையில் இருக்கிறது. எனக்கு 9990ஐவிட இது பெரிது.

வாட்ஸப்பில் வந்ததை அப்படியே ஒட்டிக் கொடுத்தவர்: சிதம்பரம் பூமியின் காந்தப் புள்ளியின் மையம், திருநள்ளாற்றின் மேல் செயற்கைக்கோள் நின்றுபோகிறது, நாசா வியந்தது...

பூமியின் காந்த நடுக்கோடு சிதம்பரத்துக்குத் தெற்கே, தும்பாவை ஒட்டி ஓடுகிறது. அதனால்தான் 1963இல் ராக்கெட் விடக் கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். திருநள்ளாறு கதை வடிகட்டிய கற்பனை. பழங்காலத்திலேயே விமானம் இருந்தது என்று காட்டும் விமான சாஸ்திரம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 1974இலேயே அது 1904க்கு முந்திய நூல் அல்ல, அதில் சொன்னவை பறக்காது என்று எழுதிவிட்டார்கள். அடுத்த சீட்டு.

பசுமலை கல்லூரி மாணவி: கிரக நிலைகளைக் கணினியில் போட்டுப் பாரதப் போரின் தேதியைச் சொல்கிறார்களே?

நம் வைகைப் பாட்டிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது அம்மா. சங்க நூலான பரிபாடலின் 11ஆம் பாட்டு கிரக நிலைகளைச் சொல்லித்தான் வெள்ளத்தைத் தொடங்குகிறது. காலக்கணித அறிஞர் சுவாமிக்கண்ணுப் பிள்ளை கணக்குப் போட்டு, அந்த வெள்ளம் கிபி 634 என்றார். மொழியை வைத்துப் பார்க்கும் பலர் பரிபாடலை அவ்வளவு கீழே இறக்க ஒப்பவில்லை. கிரகங்கள் திரும்பத் திரும்ப அதே வீடுகளுக்கு வரும். எந்த வரியை எடுப்பது, எதை விடுவது என்பதை மனிதர்தான் முடிவு செய்கிறார், கணினி அந்த முடிவுக்குத் தலையாட்டுகிறது. கலியுகம் கிமு 3102இல் தொடங்கியது என்ற கணக்கு ஆரியபட்டரின் காலத்தை ஒட்டி, 499ஐச் சுற்றி, துலக்கமாக வருகிறது. கிபி 634இல் சாளுக்கிய மன்னன் புலிகேசியின் ஐகொளெக் கல்வெட்டு பாரதப் போருக்குப் பின் 3735 ஆண்டு என்கிறது. 7ஆம் நூற்றாண்டில் அப்படி நம்பினார்கள் என்பதற்கு அது சாட்சி, போருக்கு அல்ல.

மூன்று பேர் ஒரே கேள்வி: மீனாட்சி உண்மையில் ஆண்ட ராணியா?

மௌரியர் காலத்தில் இந்தியா வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிசை வைத்துக் கிரேக்கர்கள் எழுதிய குறிப்புகளில் ஹெராக்ளிஸ் தன் மகள் பாண்டையாவுக்குத் தெற்கே ஒரு நாட்டைக் கொடுத்தான் என்று வருகிறது. 365 ஊர், தினம் ஓர் ஊர் கப்பம் கட்ட வேண்டும் என்று ஒருவர் சேர்க்கிறார். பாண்டியர், பெண் வாரிசு இரண்டும் சேர்ந்து வருவதால் ஆசை வருகிறது, எனக்கும் வரும். ஆனால் 365ஐப் பார்த்ததும் அந்தப் பின் பெஞ்சுப் பையன் நினைவுக்கு வந்துவிடுகிறான். அங்கயற்கண்ணி என்ற மீனாட்சியின் பெயர் சம்பந்தர் வாயில் உறுதியாக வருகிறது. மீனாட்சியே ஆன தடாதகையின் பிறப்பும் திக்விஜயமும் நமக்கு விரிவாகக் கிடைப்பது திருவிளையாடற் புராணங்களில், பல நூற்றாண்டு கழித்து. நடுவில் பாலம் இல்லை.

செல்லூர் தம்பி, மறுபடி: கீழடியில் சாமி சிலை கிடைக்கவில்லை. ஆகவே மதமில்லாத நாகரிகம். சரியா?

தம்பி, பக்தர்கள் அவசரப்பட்டால் சிரிக்கிறாய், நீயும் அதே ஓட்டம் ஓடுகிறாய். கீழடியில் பள்ளிச்சந்தைத் திடல் 110 ஏக்கர், தென்னந்தோப்பு நடுவே தோண்டியது அதில் சிறு பகுதி. மரத்தை, நடுகல்லை, அரசமரத்தடியைக் கும்பிட்டவன் குழியில் என்ன விட்டுப்போவான்? கிடைத்ததைப் பேசுவோம்: 353 செ.மீ. ஆழத்துக் கரி கிமு 580 என்றது, பானை ஓட்டில் ஆதன் என்று ஒருவன் பெயர் கீறியிருக்கிறான். கிடைக்காததை வைத்து வீடு கட்டாதே.

கடைசியாக, தல்லாகுளத்து ஆச்சி: தங்கச்சி மீனாட்சியின் கல்யாணத்துக்கு அழகர் பிந்தி வந்து கோபித்துக்கொண்டு போனார் என்று என் பாட்டி சொல்லும். அதுவும் பொய்யா ஐயா?

ஆச்சி, கோயில் புராணப்படி அழகர் வைகை ஆற்றுக்கு வருவது மண்டூக முனிவரின் சாபம் தீர்க்க. கல்யாணத்துக்கு இல்லை. முன்பு அவர் போனது சோழவந்தான் பக்கத்துத் தேனூருக்கு. மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்தது. திருமலை நாயக்கர் (1623–1659) அதைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகரையும் மதுரைப் பக்கம் திருப்பிவிட்டார் என்பது வழிவழிச் செய்தி. இரண்டு திருவிழாவும் ஒட்டி வந்தன, ஆனால் கல்யாணம் முடிந்த பிறகுதான் அழகர் ஆற்றில் இறங்குகிறார். ஜனங்கள் பார்த்தார்கள். அண்ணன் ஏன் பிந்தி வருகிறார்? தாலி கட்டும்போது இல்லையே? ஊருக்குள் வராமல் ஆற்றோடு திரும்புகிறாரே? உங்கள் பாட்டியின் கதை அந்தக் கேள்விகளுக்குப் பதில். அரசன் நாட்காட்டியை மாற்றினான், அதனால் வந்த இடைவெளியைப் பாட்டிமார்கள் கோபத்தால் நிரப்பினார்கள். உங்கள் பாட்டியை நான் பொய்க்காரி என்று சொல்ல மாட்டேன்.

வண்டியூர் பக்கம் ஆற்றுக்குள் முனிவருக்கு மோட்சம் கொடுக்கும் மண்டபம் இருக்கிறதே, அதற்கு இன்னமும் தேனூர் மண்டபம் என்றுதான் பெயர். தேனூர் எங்கே, வண்டியூர் எங்கே! அடுத்த சித்திரையில் உங்கள் பேரனை அங்கே கூட்டிப்போய் நிறுத்தி, இதற்கு ஏன் இந்தப் பெயர் என்று அவனையே கேளுங்கள்.