ஆகாயத்தாமரைக்கு அப்படி என்ன அவசரம்? – கேள்வி பதில்

(பாலாற்றங்கரை ஊர்க்காரர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்)

காட்பாடி மாணவி: ஏரியையே மூடும் அளவுக்கு இவ்வளவு வேகமாக வளர, ஆகாயத்தாமரை என்ற மிதக்கும் களையின் ஒளிச்சேர்க்கையில் என்ன விசேஷம் சார்?

ஒன்றும் இல்லையம்மா. நெல் உட்படப் பெரும்பாலான செடிகள் செய்கிற அதே சாதாரண முறைதான், சி3 என்பார்கள். ரூபிஸ்கோ என்ற நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது. வெயில் ஏறினால் தடுமாறி ஆக்சிஜனையும் பிடித்து உழைப்பை வீணாக்குகிறது. கரும்பும் சோளமும் சி4 என்ற வேறு முறையில் இந்தச் சேதத்தைக் குறைத்துக்கொள்கின்றன. இதற்கு அந்த வசதி கிடையாது.

ஆனால் நம் ஊர் மே மாத மதியத்தில் மானாவாரிச் செடிகள் தண்ணீரை மிச்சம்பிடிக்க இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் கார்பன் டை ஆக்சைடும் உள்ளே வராது. தண்ணீரிலேயே கிடப்பதற்கு அந்தக் கவலை குறைவு. அப்புறம் நைட்ரஜன். ரூபிஸ்கோ ஒரு புரதம். இலையின் நைட்ரஜனில் கணிசமான பங்கை அதுவே விழுங்கும். சாக்கடை கலக்கும் ஏரியில் நைட்ரஜனுக்கா பஞ்சம்?

காம்பைக் குறுக்கே வெட்டிப் பார். உள்ளே வெறும் காற்றறைகள். கட்டை சேர்க்கும் செலவில்லாததால், செய்த சர்க்கரை புது இலைக்கும், ஓடுதண்டில் முளைக்கும் குட்டிகளுக்கும் போகிறது. சூழல் வாய்த்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும்.

ஆற்காடு: என்ன மருந்து அடிக்கலாம்?

அடிக்காதீர்கள். ஆடு மாடு குடிக்கும் தண்ணீர். மொத்தமாகச் செத்து அழுகினால் மீனும் மிஞ்சாது. வாரிக் கரையேற்றுங்கள், துண்டுகளை ஏரியிலேயே விட்டால் மறுபடி முளைக்கும்.

ராணிப்பேட்டை: இத்தனை பச்சை இருந்தும் மீன் ஏன் மூச்சுத் திணறுகிறது?

நல்ல கேள்வி. இலை தண்ணீருக்கு மேலே இருக்கிறது. ஆக்சிஜன் காற்றுக்குப் போகிறது. கீழே வெளிச்சம் இல்லாததால் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜன் தர முடியாது. காற்றிலிருந்து கரைவதையும் இந்தப் போர்வை தடுக்கிறது.

குடியாத்தம்: உப்புக் கரைசல் தெளிக்கலாமா?

ஆற்காட்டுக்காரருக்குச் சொன்னதுதான்.

ஆம்பூர்: வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் மழை இல்லை என்கிறார்களே?

இது பத்தாவது தடவை! இலைத்துளை திறந்தால் நீராவி வெளியே போகும். இலைக்குள் ஈரம் நிறைந்த காற்று, வெளியே வறண்ட காற்று. ஈரம் எந்தப் பக்கம் ஓடும்? அது கரியமில வாயுவையே விடுகிறது என்று சொல்வதும் தவறு; பகலில் அந்த மரமும் ஆக்சிஜன்தான் விடுகிறது.

ஆம்பூர்: அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா? எங்கள் கிணறு வற்றிவிட்டது.

வக்காலத்து இல்லை ஐயா. அது விடும் நீராவி மண்ணிலிருந்து வருகிறது, ஆழ வேர் போட்டு எடுக்கிறது. குற்றத்தை அங்கே சாட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். மழை மேகம் வங்காள விரிகுடாவிலிருந்தும் அரபிக்கடலிலிருந்தும் வருகிறது; வேலியோர மரம் அதைத் தடுக்காது.

காட்பாடி மாணவி: அப்படியானால் மரத்தை வெட்டினால் கிணறு ஊறுமா சார்?

அடிக்கட்டையை விட்டு வெட்டினால் துளிர்த்துவிடும். வேரோடு எடுத்தாலும் கிணற்றுக்கு வேறு காரணங்கள் உண்டு: பாலாற்றில் மணல் அள்ளியது, போர்வெல் மேல் போர்வெல். அதையெல்லாம் பேசாமல் ஒரு மரத்தின் தலையில் கட்டுவது நமக்கு வசதி.

மேல்விஷாரம்: வாரிய ஆகாயத்தாமரையை உரமாக்கலாமா?

தாராளமாக. தோல் பதனிடும் கழிவு சேரும் நீரில் வாரியதைத் தொடாதீர்கள். வேரில் குரோமியம் சேர்ந்திருக்கும். கீரைப் பாத்திக்கு அது வேண்டாம்.

வாலாஜா: ஏதாவது மருந்து...

கரையேற்றுங்கள் வாலாஜா நண்பரே, கரையேற்றுங்கள். சாக்கடை வாய்க்காலைத் திருப்பாமல் அள்ளினால் அடுத்த வருஷமும் அள்ளுவீர்கள்.