சந்தை நாற்காலியும் 1,500 ரூபாயும்

அன்புள்ள ஐயா,

பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் 900 ரூபாய்க்குக் கை வைத்த பழைய பிரம்பு நாற்காலி ஒன்று வாங்கினேன். தேக்கு என்றார் கடைக்காரர். பின்னல் கிழிந்திருக்கிறது. உட்கார்ந்தால் ஆடுகிறது. கைப்பிடியில் கறுப்பாகப் பிசுபிசுப்பு. பின்கால் ஓரத்தில் குண்டூசி முனை அளவில் பத்துப் பன்னிரண்டு துளைகள். காணொளிகளில் பார்த்தபடி ஒரு சாண்டிங் மெஷின் வாங்கித் தேய்த்து, வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றிருக்கிறேன். இதுவரை ஆணிகூட அடித்துப் பழக்கமில்லை. கையில் இருப்பது 1,500 ரூபாய். எங்கே தொடங்குவது?

எஸ்., தாம்பரம்

அன்புள்ள எஸ்,

மெஷின் வாங்காதீர்கள். உங்கள் பட்ஜெட்டை அது ஒன்றே விழுங்கிவிடும். போதாததற்கு, நாற்காலியின் உருண்டைக் கால்களைப் புதியவர் கையில் உள்ள மெஷின் தட்டையாக்கிவிடும்.

முதலில் மேலே இருப்பது எந்தப் பூச்சு என்று பாருங்கள். பஞ்சைப் பாலிஷ் ஸ்பிரிட்டில் (அரக்கைக் கரைக்கும் ஆல்கஹால்) நனைத்து, அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் அரை நிமிடம் வைத்து எடுங்கள். பஞ்சில் பழுப்பு ஏறி, இடம் ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு மசியாமல் தின்னருக்குக் கரைந்தால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் என்ற பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் மெலமைன் அல்லது பியூ (பாலியூரித்தேன்) என்ற கெட்டியான பூச்சு; அதை உப்புத்தாளால்தான் எடுக்க வேண்டும். நீங்கள் சொல்லும் பிசுபிசுப்பைப் பார்த்தால் அரக்காகவே தோன்றுகிறது. அப்படியானால் உப்புத்தாளுக்கு இப்போது வேலையே இல்லை. பழைய அரக்கு தாளின் இடுக்கில் அப்பி, பத்துத் தேய்ப்பில் அது வழவழவென்றாகிவிடும். பனியன் வேஸ்டில் (கழிவுத் துணி) ஸ்பிரிட்டை ஊற்றி, ஒரு தடவைக்கு ஒரு சாண் நீள மரத்தின்மேல் போட்டு ஊறவிட்டு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் மர ரேகை வாக்கில் தேய்த்து வழித்தெடுங்கள். அரை லிட்டர் போதும். காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது.

(பெயின்ட் அடித்த பழைய சாமானாக இருந்தால் தண்ணீர் தொடாமல் வெறும் உப்புத்தாளால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டின் தூசி குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது.)

அடுத்து ஆட்டம். இதற்கு ஆணி அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. குறுக்குக் கட்டையின் முனையைச் செதுக்கிக் காலின் துளைக்குள் செருகியிருப்பார்கள். உள்ளே பசை செத்து, முனை துளைக்குள் அசைகிறது. ஆணி அந்த அசைவை நிறுத்தாது, கட்டையைத்தான் பிளக்கும். ஆடும் மூட்டைக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்), நடுவே துணி வைத்துத் தட்டிக் கழற்றுங்கள். பழைய பசையைக் கத்தி முனையால் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள், ஏனென்றால் உலர்ந்த பசைமேல் புதுப் பசை பிடிக்காது. பெவிகால் எஸ்ஹெச் என்ற மரப்பசையைத் தடவிச் செருகியதும் கயிற்றை நான்கு காலையும் சுற்றிக் கட்டி, இடையில் ஒரு குச்சியை விட்டு முறுக்கி, 24 மணி நேரம் விடுங்கள். முறுக்கிய கையோடு சமதரையில் வைத்து நான்கு காலும் பதிகிறதா பாருங்கள். பசை இறுகிய பிறகு பார்த்தால், காலை அறுப்பதைத் தவிர வழியில்லை.

துளைகள் உளுப்பூச்சி போட்டவை. வைரம் பாய்ந்த (முற்றிய நடுப்பகுதி) தேக்கை அது பெரும்பாலும் தொடாது. ஓரத்து வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். எனவே நாற்காலியை எரிக்கச் சொல்பவர்களைக் கேட்க வேண்டாம். துளைகளைத் தட்டித் துடைத்துவிட்டு, காலடியில் கறுப்புத் தாள் விரித்துப் பத்து நாள் அசைக்காமல் வையுங்கள். முகப்பவுடர் போல மாவு விழுந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. 1 லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 40 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, கையுறை போட்டு, பாலிஷ் போன வெறும் மரத்தில் இரண்டு முறை பூசுங்கள். துளைகளுக்குள் ஊசியில்லாத சிரிஞ்சால் விடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் கிடைக்கும். இந்த வேலை பசைக்குப் பிறகுதான்: வெங்காரம் பட்டால் பெவிகால் திரிந்து கொழகொழவென்றாகும். பிள்ளைகள் ஸ்லைம் செய்வது இதே வித்தையில்தான். ஆழத்தில் இருக்கும் புழுவுக்கு இது எட்டாமல் போகலாம், அடுத்த கோடையிலும் ஒருமுறை கறுப்புத் தாள் விரியுங்கள்.

மூன்று நாள் காயவிட்டு, தண்ணீரில் எழும்பிய மர நாரை 180 எண் உப்புத்தாளாலும் பிறகு அதைவிட நைசான 320 எண் தாளாலும் தேயுங்கள். துளைகளை அடைக்க மக்கு (அடைப்புப் பசை) வைக்கும்போது ஒன்று கவனியுங்கள். தேய்த்த தூளில் பெவிகால் கலந்து அடைத்தால் அந்த இடம் நிறம் ஏற்காமல் பொட்டுப் பொட்டாகத் தெரியும். பாலிஷ் போட்டபின் அதே நிற மெழுகை அடைப்பது மேல்.

வெள்ளைப் பெயின்ட் உங்கள் விருப்பம். தேக்கின்மேல் அடிக்க எனக்கு மனம் வராது. 50 கிராம் அரக்குச் செதிலை 400 மில்லி ஸ்பிரிட்டில் முதல்நாளே ஊறவைத்து வடிகட்டுங்கள். பனியன் துணிக்குள் பஞ்சைப் பொட்டலமாக்கி, ஒரே இழுப்பாக இழுங்கள். இழுத்த இடத்துக்கு உடனே திரும்பினால் அடிப்பூச்சு கரைந்து சுருண்டுவிடும். அரை மணி இடைவெளியில் ஐந்து பூச்சு. ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தொடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரம் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும்.

மிச்சப் பணம் முழுக்கப் பின்னலுக்கு. அதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். பாலிஷ் போட்டு ஒரு வாரம் கழித்துக் கொடுங்கள், பிரம்பை நனைத்துத்தான் பின்னுவார்கள், முழுக்க இறுகாத பாலிஷில் தண்ணீர் பட்டால் தடம் விழும். பிரம்புக்குப் பணம் எட்டவில்லையென்றால் இப்போதைக்குப் பிளாஸ்டிக் ஒயர் போடலாம். சட்டத்துத் துளைகளைப் பெரிதாக்காமல் போடச் சொல்லுங்கள், பின்னாளில் பிரம்புக்கு அதே துளைகள் வேண்டும்.

சூடான காபி டம்ளரைக் கைப்பிடியில் வைக்கும் பழக்கம் உண்டென்றால், அங்கே அரக்கு வேண்டாம். வட்டம் விழும். அந்த இரண்டு கட்டைக்கு மட்டும் பியூ அடித்துக்கொள்ளுங்கள்.